தண்ணீர் ஊற்றாத கழிப்பறை

பறவைகளின் கண்ணை உறுத்தாத பழுப்பு எது என்று ஒரு மத்தியானம் முழுக்கப் பேசினார்கள். ஆழ்வார்பேட்டைப் பக்கம் ஒரு ஏசி அறை. மேசைமேல் நாலைந்து பழுப்பு அட்டைகள். ஒன்று மரப்பட்டை பழுப்பாம், இன்னொன்று ஈரமணல் பழுப்பாம், மற்றதன் பெயரெல்லாம் என் வாயில் நுழையவில்லை. எண்ணூர் கழிமுகத்தில் கட்டப்போகிற ஒரு கழிப்பறையின் கதவுக்குத்தான் இத்தனை அமர்க்களம். அந்தக் கரையில் பிறந்தவள் நான். எதிர்க்கரையில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்துக்கொண்டு நிற்கின்றன. அங்கே இருக்கிற கொக்கும் நாரையும் அதைப் பார்த்தே முட்டையிலிருந்து வெளியே வந்தவை. அதுகளா ஒரு கதவைப் பார்த்து மிரளப் போகின்றன என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்கவில்லை. அந்த ஆபீசில் நான் கம்ப்யூட்டரில் வரைபடம் போடுகிறவள். கருத்துச் சொல்ல எனக்குச் சம்பளம் இல்லை.

விஷயம் இதுதான். ஆலைகளுக்கும் சாம்பலுக்கும் தப்பிப் பிழைத்து, கழிமுகத்தை ஒட்டி ஒரு துண்டு அலையாத்திக் காடு மிச்சம் இருக்கிறது. அதைக் காப்புப் பகுதி என்று அறிவித்து, நாலு பேர் வந்து பார்த்துவிட்டுப் போக வசதி செய்யலாம் என்று மேலே யாரோ முடிவெடுத்தார்கள். சேற்றுக்கு மேலே ஒரு மரப்பாலம், ஏறிப் பார்க்க ஒரு கோபுரம், நிழலுக்கு ஒரு கூரை, ஒரு கழிப்பறை. திட்டம் போட்டுத் தரும் வேலை எங்கள் ஆபீசுக்கு வந்தது. எல்லாம் லோ-இம்பாக்டாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு. அதாவது, மனுஷன் வந்துபோன சுவடே தெரியக்கூடாது. அன்றிலிருந்து எங்கள் ஆபீசில் எந்த வாக்கியமும் அந்த வார்த்தை இல்லாமல் முடியவில்லை. ஆணி லோ-இம்பாக்ட், கயிறு லோ-இம்பாக்ட், மீட்டிங்குக்கு வந்த சமோசாவைச் சுற்றியிருந்த காகிதம்கூட லோ-இம்பாக்ட்.

இதற்கெல்லாம் தலைமை பெரிய மேடம். நல்லவர்தான், ஒரு நாளும் யாரையும் சத்தம் போட்டதில்லை. கைத்தறிப் புடவை, வெள்ளித் தோடு, மெல்லிய குரல். உலகத்தில் அவர் கால் படாத காடு இல்லை என்பார்கள். தமிழ் பேசும்போது மட்டும் எதிரில் இருப்பவருக்குக் காது மந்தம் என்பதுபோல ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பேசுவார். மீட்டிங்குக்கு வெளியாள் யார் வந்தாலும் என்னைக் காட்டி, இவங்க அந்த ஏரியாதான், நமக்கு லோக்கல் கனெக்ட் இவங்க, என்று சொல்வார். வந்தவர்களும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். கண்காட்சியில் வைத்த பொருளுக்குத்தான் அப்படி ஆட்டுவார்கள் என்று எனக்கு எரியும். ஆனால் அந்த மரியாதையால்தான் மீட்டிங் அறைக்குள் எனக்கு ஒரு நாற்காலி கிடைத்தது. அந்த நாற்காலி எனக்கு வேண்டியிருந்தது. காரணம் என் அக்கா.

எனக்குக் கல்யாணமாகித் திருவொற்றியூருக்கு வந்துவிட்டேன். அக்கா இன்னும் கரையில்தான் இருக்கிறாள். இறால் தடவுகிற வேலை. தண்ணீர் வடிகிற நேரம் பார்த்துப் பெண்கள் கூட்டமாகக் கழிமுகத்தில் இறங்குவார்கள். இடுப்பளவு, மார்பளவு, சில இடத்தில் கழுத்தளவு. குனிந்தபடி இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறாலைப் பிடித்து, பல்லில் கடித்துத் தொங்கவிட்ட பறி என்னும் ஓலைக்கூடையில் போடுவார்கள். பறியைக் கடித்திருப்பதால் வேலை நேரத்தில் பேச்சு கிடையாது. மறுபடி தண்ணீர் ஏறும்வரை கரைக்கு வரமாட்டார்கள். வலையும் வேண்டாம், படகும் வேண்டாம். உடம்பு மட்டும்தான் வேண்டும்.

அந்த உடம்புதான் பேஜாரு பண்ணிக்கொண்டிருந்தது. ஒதுங்குவதற்குக் கரையில் முன்பு சீமைக்கருவேல முள் புதராக மண்டிக் கிடந்தது. பெண்களுக்கு அதுதான் மறைவு. முள் குத்தும், பாம்பு இருக்கும், ஆனாலும் ஒரு மறைவு. காப்புப் பகுதி என்று அறிவித்ததும் முதல் வேலையாக என்ன செய்தார்கள் தெரியுமா? அந்நியத் தாவரம் என்று சொல்லி பொக்லைன் விட்டு அந்த முள்ளை மொத்தமாக வழித்து எடுத்துவிட்டார்கள். தாவர சாஸ்திரப்படி சரிதான், அந்த மரம் மண்ணைக் கெடுக்கும். இப்போது கரை மொட்டையாக இருக்கிறது. ரோட்டுப் பாலத்தின் மேலே லாரி போகிறது, தண்ணீரில் படகு போகிறது, பெண்கள் எங்கே உட்காருவார்கள்?

அதனால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். காலையில் எழுந்ததிலிருந்து வீடு திரும்பும்வரை ஒரு சொட்டு இறங்காது. வெயிலில், உப்புத் தண்ணீரில், வாய் வறண்டு நிற்பாள். அவள் மட்டுமில்லை, எல்லோருமே அப்படித்தான். முதலில் நீர்க்கடுப்பு வந்தது, பிறகு காய்ச்சல், பிறகு இடுப்பு வலி. பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, ஒரு பக்கத்துக் கிட்னி ஏற்கெனவே கெட்டுப்போச்சு, இன்னொன்றையாவது காப்பாத்திக்கணும்னா நிறையத் தண்ணி குடிங்க, அடக்கி வைக்காதீங்க என்று சொன்னார். வெளியே வந்ததும் அக்கா சிரித்தாள்.

"தண்ணி குடிக்கலாம்டி. குடிச்சிட்டு எங்க போறது? உன் ஆபீசுக்கா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகைதான் வந்தது. அந்தக் கழிப்பறையை எப்படியாவது அக்கா கரையேறுகிற இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

வரைபடத்தில் அது வண்டி நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. நான் இழுத்துத் தண்ணீர்க் கரைக்குக் கொண்டுவந்தேன். உட்காரும் இடத்துக்குப் பின்னால் கழுவிக்கொள்ளத் தனியாக ஒரு குழி, அந்தத் தண்ணீர் கல்வாழைப் பாத்திக்குப் போய் மண்ணிலேயே வடிகிற மாதிரி ஒரு குழாய், ஓரத்தில் சின்னத் தொட்டி. இடத்தை ஏன் மாற்றினாய் என்று கேட்டபோது, அவர்கள் பாஷையிலேயே பதில் சொன்னேன். சமூகப் பங்கேற்பு, உள்ளூர்ப் பெண்கள், பகிர்ந்துகொள்ளும் வசதி. மேடத்தின் முகம் மலர்ந்துவிட்டது. அழகான சிந்தனை என்றார். கைதட்டாத குறைதான்.

அடுத்த வாரமே கழுவும் குழியை வரைபடத்திலிருந்து அடித்துவிட்டார்கள்.

ஏன் என்றால், காப்புப் பகுதிக்குள் ஒரு சொட்டுக் கழிவுநீர் மண்ணில் இறங்கக்கூடாதாம். இது உலர் கழிப்பறை. மலம் கீழே தொட்டியில் விழும், மேலே ஒரு கரண்டி மரத்தூள் தூவ வேண்டும், நாளாவட்டத்தில் எருவாகும். தண்ணீரே தேவையில்லை. துடைத்துக்கொள்ள மூங்கில் நாரில் செய்த காகிதச் சுருள் வைப்பார்கள். இதைச் சொன்னது மேடத்தின் உதவியாளர், கொண்டை போட்ட ஒரு பையன், வெளிநாட்டில் படித்தவன். எந்த நாட்டிலோ மலைக்கிராமத்தில் ஜனங்கள் இதை ரொம்ப விரும்பி ஏற்றுக்கொண்டார்களாம். சொல்லும்போதே அவனுக்குப் புல்லரித்தது.

எதிர்க்கரையில் ஆலையிலிருந்து கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் வாய்க்கால் வாய்க்காலாக வந்து விழுகிறது. கால் வைத்தால் தோல் உரியும். கழிமுகத்தின் பாதி சாம்பலால் தூர்ந்து கிடக்கிறது. இந்தப் பக்கம் என் அக்கா கழுவிவிடுகிற ஒரு சொம்புத் தண்ணீரில் இயற்கை நாசமாகிவிடும் என்று ஒரு அறை நிறையப் படித்த ஜனங்கள் உட்கார்ந்து கவலைப்படுகிறார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் காது அடைத்துவிட்டது.

நம்ம ஜனங்க கழுவாம வரமாட்டாங்க மேடம் என்றேன். மேடம் மென்மையாகச் சிரித்தார். பழக்கம்தானே, மாற்றலாம், அதற்குத்தான் பயிற்சி வைக்கிறோம் என்றார். கொண்டைப் பையனும் தலையாட்டினான். அவனைப் பார்த்து நான் கேட்டேன், சத்தம் போடாமல்தான் கேட்டேன்.

"உங்க வீட்ல பேப்பரா சார்?"

அவன் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டான்.  மீட்டிங் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் உணர்வு புரிகிறது, ஆனால் தொனியைக் கொஞ்சம் கவனியுங்கள் என்றார்கள். அவன் வீட்டில் என்ன செய்கிறான் என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் ஆசை இல்லை.

கரையில் ஒரு கருத்துக்கேட்புக் கூட்டமும் நடத்தினார்கள். ஷாமியானா, டீ, பிஸ்கட். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. பேண்ட் போட்டவன் காகிதத்தோடு வந்தால், வீட்டை இடிக்கத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வோம். அதனால் கேட்டதற்கெல்லாம் ஆமாம் சொல்லிவிட்டு, சீக்கிரம் அனுப்பி வைக்கப் பார்ப்போம். கழிப்பறை வேண்டுமா என்றார்கள். ஆமாம் என்றார்கள் பெண்கள். உலர் கழிப்பறை சம்மதமா என்றார்கள். அதற்கும் ஆமாம். அப்படியென்றால் என்னவென்று ஒருத்தியும் கேட்கவில்லை, இவர்களும் காட்டவில்லை. நான் எழுந்து விளக்கப் பார்த்தேன். நேரம் ஆகிவிட்டது என்று கையமர்த்தினார்கள். முழு ஒப்புதல் கிடைத்தது என்று அறிக்கையில் பச்சை வட்டம் போட்டுக்கொண்டார்கள்.

கட்டி முடித்தபோது, ஒத்துக்கொள்ள வேண்டியதுதான், பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூங்கில் தட்டி, ஓலைக்கூரை, மண் பழுப்புக் கதவு. திறந்த மறுநாளே அக்காவும் மற்றப் பெண்களும் போக ஆரம்பித்தார்கள். காகிதச் சுருளை எடுத்துப் பார்த்துச் சிரித்திருக்கிறார்கள். ஒருத்தி அதை மடித்துக் கைக்குழந்தையின் மூக்கைத் துடைக்க வீட்டுக்கு எடுத்துப்போனாள். தங்களுக்கு வேண்டிய தண்ணீரைப் பிளாஸ்டிக் மக்கில் கழிமுகத்திலிருந்தே மொண்டுகொண்டு போனார்கள். மக்குத் தண்ணீரையாவது விட்டுத்தள்ளுங்கள். மார்பளவுத் தண்ணீரிலிருந்து ஏறிவருகிறவளின் புடவையிலும் பாவாடையிலும் இருந்து வடிகிற தண்ணீரே ஒரு வாளி இருக்கும். பொழுதெல்லாம் தண்ணீரில் நிற்கிறவர்களுக்குத் தண்ணீர் படக்கூடாத கழிப்பறை கட்டிய அறிவாளிகளை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அந்தக் கொஞ்ச நாள் அக்கா தண்ணீர் குடித்தாள். கரையில் பாட்டில் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது டீ போட்டுக் கொடுத்துவிட்டு, தானும் முழு டம்ளர் குடித்தாள். இப்போ எரியலடி என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். முகமே தெளிந்திருந்தது. எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? பாழாய்ப்போன ஆபீசாவது இதற்குப் பயன்பட்டதே என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

தண்ணீர் சேரச் சேரத் தொட்டி நிரம்பிக் கொழகொழவென்று ஆனது. எரு ஆகவில்லை, புழுதான் ஆனது. கலீஜ் என்று அக்காவே சொன்னாள். குழாய் மாதிரி கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பறவை பார்க்க வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு புகார் எழுதினார்கள். கொண்டைப் பையன் வந்து பார்த்துவிட்டு, சமூகத்தினரின் தவறான பயன்பாடு என்று எழுதினான். கதவுக்குப் பூட்டு வந்தது. சாவி வாட்ச்மேனிடம், பார்வையாளர்களுக்கு மட்டும். வெளியே ஒரு பலகை, தண்ணீர் ஊற்றாதீர்கள் என்று. அதை நான்தான் டைப் அடித்தேன். அந்த ஆபீசில் வேறு யாருக்கும் தமிழில் பிழையில்லாமல் எழுத வராது.

மேடத்தின் அறைக்குப் போனேன். கழுவும் குழியை மட்டும் திரும்பச் சேர்த்துவிடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று கெஞ்சினேன். அக்காவின் கிட்னியைப் பற்றியும் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. அவர் முகத்தில் அத்தனை கருணை வந்துவிட்டது, எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. ரொம்ப வருத்தமாக இருக்கிறது, இரண்டாம் கட்டத்தில் கட்டாயம் பரிசீலிப்போம் என்றார். அக்கா மறுபடி தண்ணீரை நிறுத்திவிட்டாள். காய்ச்சல் மறுபடி வந்தது.

அப்புறம் அந்த ஆய்வு நாள். நிதி கொடுத்தவர்கள் பார்க்க வந்திருந்தார்கள். நல்ல வெயில். ஷாமியானா போட்டு விருந்தாளிகளுக்குப் பெரிய தண்ணீர் கேன் வைத்திருந்தோம், இளநீர் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மேடம் உற்சாகமாக எல்லோருக்கும் பாலத்தைச் சுற்றிக்காட்டினார், படகில் கூட்டிப்போனார். சுற்றிச் சுற்றி வந்து இளநீர் குடித்தார். பிறகு பேச்சு குறைந்தது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார். கடைசியில் என்னைத் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். வாட்ச்மேனிடம் சாவி வாங்கித் தரச் சொன்னார். வாங்கித் தந்தேன். போகவில்லை, நின்றார். குரலை இன்னும் தாழ்த்தினார்.

"காரில் தண்ணி பாட்டில் இருக்கும். கொஞ்சம் எடுத்துட்டு வர்றீங்களா?"

குடிக்கவா மேடம் என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன். அவர் கதவையே பார்த்தார். ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். பாட்டிலைப் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு, நான் டைப் அடித்த பலகையைத் தாண்டி உள்ளே போனார்.

அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் ஏற ஆரம்பித்து, அக்கா கரையேறி வந்தாள். பறியைக் கையில் எடுத்துக்கொண்டு, சொட்டச் சொட்ட நேராகக் கதவுக்கு முன்னால் வந்து நின்றாள். வாட்ச்மேன் எங்கள் தெருக்காரர்தான், வயசானவர். இன்னிக்கி வேணாம்மா, பெரிய ஆளுங்கோ வந்துகீறாங்கோ என்று மெல்லச் சொன்னார். அக்கா நகரவில்லை. உதடு வெடித்திருந்தது. இடுப்பில் ஒரு கையை ஊன்றியிருந்தாள்.

மேடம் வெளியே வந்தார். அக்காவைப் பார்த்ததும் பழகிய சிரிப்பு வந்துவிட்டது. ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, உள்ளே தண்ணீர் ஊற்றக்கூடாது, அது இயற்கைக்குக் கெடுதல் என்று சொல்லிவிட்டு, இவங்களுக்கு எடுத்துச் சொல்லுங்க என்று என்னிடம் திரும்பினார்.  அக்கா மேடத்தின் முகத்தைப் பார்க்கவில்லை, தலைப்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த பாட்டிலைப் பார்த்தாள்.

"மேடம், அதுல மிச்சம் கீதா?"

மேடம் கையில் இருந்ததைத் தானும் அப்போதுதான் பார்ப்பதுபோல் பார்த்தார். கழுத்துவரை சிவந்துவிட்டது. பாலத்தின் மேல் விருந்தாளிகள் கேமராவோடு நின்றிருந்தார்கள். பாட்டிலை நீட்டினார். அக்கா வாங்கி ஆட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம்தான் இருந்தது. பாட்டிலை என்னிடம் கொடுத்தாள்.

"இது பத்தாதுடி. அங்க கேன் கீது பாரு, அத்த தூக்கினு வா."

ஷாமியானாவுக்குள் போய்க் கேனைத் தூக்கினேன். கனம். அணைத்துப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்து வந்தேன். கொண்டைப் பையன் என்னமோ சொல்ல வாயெடுத்தான், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டான். தூ, இவர்களுக்கா இத்தனை நாள் பயந்தோம் என்றிருந்தது. நாளைக்கு மறுபடி பூட்டுவார்கள், எனக்கும் வேறு வேலை தேட வேண்டியிருக்கும், அதெல்லாம் தெரியும். அக்கா கேனை வாங்கிக்கொண்டாள். முதலில் அப்படியே சாய்த்து, வயிறு நிறையக் குடித்தாள். பிறகு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் பாலம்வரை கேட்டது. மேடம் கொக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கழிமுகத்திலிருந்து மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக ஏறிவந்து கதவுக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள். வாட்ச்மேன் கதவில் தொங்கிய பூட்டையும் சாவியையும் எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.